ஆன்சனில் ஐந்து ஆண்டுகள்: ஜே.பி. ஜெயரத்தினத்தின் குறுகிய நாடாளுமன்றப் பயணம்

சிங்கப்பூரின் ஆன்சன் தொகுதியில் 1981 அக்டோபர் 31ஆம் தேதி, சனிக்கிழமை நடந்த இடைத்தேர்தலில் பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்தினம் 7,012 வாக்குகள் பெற்றார். ஆளும் மக்கள் செயல் கட்சியின் (மசெக) வேட்பாளர் பாங் கிம் ஹின்னுக்கு 6,359 வாக்குகள் கிடைத்தன. மூன்றாவதாக நின்ற ஐக்கிய மக்கள் முன்னணியின் ஹர்பன்ஸ் சிங் 131 வாக்குகளோடு வைப்புத்தொகையை இழந்தார்.

653 வாக்குகளில் கிடைத்த வெற்றி இது. ஆனால், 1965இல் சிங்கப்பூர் தனி நாடானது முதல் அன்றுவரை மசெக எந்தத் தேர்தலிலும் ஒரு தொகுதியைக்கூட இழந்ததில்லை. 1966இல் பாரிசான் சோசியாலிஸ் உறுப்பினர்கள் பதவி விலகி வெளியேறிய பிறகு நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிக் குரலே கேட்கவில்லை. 1968, 1972, 1976, 1980 என நான்கு பொதுத்தேர்தல்களிலும் எல்லா இடங்களும் ஆளுங்கட்சிக்கே போயின. பதினைந்து ஆண்டு மௌனத்தைக் கலைத்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஜொகூரில் வளர்ந்த ஒரு தமிழர் என்பது நம் இளைய வாசகர்கள் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

அந்த நாற்காலி அவரிடம் இருந்தது ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் மட்டுமே. எப்படிக் கிடைத்தது, எப்படிப் போனது என்பதைப் பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூவாரிலிருந்து நீதிமன்றம் வரை

ஜோஷுவா பெஞ்சமின் ஜெயரத்தினம் 1926 ஜனவரி 5ஆம் தேதி யாழ்ப்பாணம் சங்கானையில் பிறந்தார். தந்தை மலாயாவில் அரசாங்க வேலையில் இருந்தவர். விடுமுறையில் ஊருக்குப் போயிருந்த சமயம் மகன் பிறந்தார். குடும்பம் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவக் குடும்பம். அக்காலத்தில் மலாயாவின் ரயில்வே, பொதுப்பணி, அஞ்சல், மருத்துவத் துறைகளின் அலுவலகங்களில் யாழ்ப்பாணத்தார் நிறைந்திருந்தார்கள். ஆங்கிலக் கல்வியும் அரசாங்க உத்தியோகமும் பிள்ளைகளைப் பெரிய படிப்பு படிக்க வைப்பதும்தான் அந்தச் சமூகத்தின் பாதை. ஜெயரத்தினமும் அந்தப் பாதையில்தான் முதலில் நடந்தார்.

பள்ளிப் படிப்பு மூவாரில் தொடங்கியது. பிறகு ஜொகூர் பாரு ஆங்கிலக் கல்லூரி. அதன் பிறகு சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளி. போருக்குப் பின் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சட்டம் பயின்று 1951இல் வழக்கறிஞராகத் தகுதி பெற்றார். லண்டனில் சந்தித்த மார்கரெட் வாக்கரைப் பின்னர் மணந்தார். சிங்கப்பூர் திரும்பி அரசாங்கச் சட்டச் சேவையில் சேர்ந்து மாஜிஸ்திரேட், அரசு வழக்கறிஞர், மாவட்ட நீதிபதி, உச்ச நீதிமன்றப் பதிவாளர் என்று படிப்படியாக உயர்ந்தார். 1963இல் அந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார்.

பாதுகாப்பான உத்தியோகத்தை இப்படி உதறியது அன்றைய யாழ்ப்பாணக் குடும்பங்களின் கணக்கில் சாதாரணக் காரியமல்ல.

1971இல் அவர் பாட்டாளிக் கட்சியின் தலைமைச் செயலாளரானார். 1957இல் டேவிட் மார்ஷல் தொடங்கிய கட்சி அது. அப்போது பெயரளவில்தான் இருந்தது. அதற்கு உயிர் கொடுத்து 1972இல் ஃபேரர் பார்க்கில் நின்றார். தோற்றார். 1976இல் கம்போங் சாய் சீ, 1977 இடைத்தேர்தலில் ராடின் மாஸ், 1979 இடைத்தேர்தலில் தெலுக் பிளாங்கா, 1980 பொதுத்தேர்தலில் மறுபடியும் தெலுக் பிளாங்கா. ஐந்து தேர்தல்கள், ஐந்தும் தோல்வி. இடையில் 1976 தேர்தல் பிரசாரத்தில் பேசிய பேச்சுக்காகப் பிரதமர் லீ குவான் யூ தொடுத்த அவதூறு வழக்கிலும் தோற்று, பெருந்தொகையை இழப்பீடாகக் கட்ட நேர்ந்தது. 1980இல் மனைவி மார்கரெட் புற்றுநோயால் காலமானார்.

அடர்ந்த கிருதாவும் முழங்கும் குரலுமாக மேடை ஏறிய அந்த மனிதருக்கு 1981 தொடக்கத்தில் வயது 55. இனி என்ன செய்யப் போகிறார் என்று பலர் கேட்டிருப்பார்கள்.

இடைத்தேர்தலுக்குப் பேர்போன தொகுதி

ஆன்சன் என்பது தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டிய பேட்டை. கப்பல் பட்டறை, கிடங்கு, துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகள் நிறைந்த பகுதி. தமிழரும் மலையாளிகளும் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த இடம்.

இத்தொகுதி இடைத்தேர்தலுக்கென்றே பிறந்ததோ என்று எண்ணத் தோன்றும். 1961 ஜூலை 15ஆம் தேதி நடந்த ஆன்சன் இடைத்தேர்தலில் டேவிட் மார்ஷல் பாட்டாளிக் கட்சி வேட்பாளராக நின்று மசெகவைத் தோற்கடித்தார். அந்தத் தோல்வியின் அதிர்வில்தான் மசெகவின் இடதுசாரி அணி பிரிந்து பாரிசான் சோசியாலிஸ் உருவானது. மார்ஷலும் அங்கே நெடுநாள் நீடிக்கவில்லை. 1963 தொடக்கத்தில் தாமே தொடங்கிய கட்சியை விட்டு விலகினார். அதே ஆண்டு செப்டம்பர் தேர்தலில் சுயேச்சையாக நின்று வைப்புத்தொகையையும் இழந்தார். சிங்கப்பூரின் முதல் முதலமைச்சராக இருந்தவருக்கு அந்த நிலை.

அதன்பின் பி. கோவிந்தசாமி மசெக சார்பில் பல ஆண்டுகள் ஆன்சனின் உறுப்பினராக இருந்தார். 1979 இடைத்தேர்தலில் தொழிற்சங்கத் தலைவர் தேவன் நாயர் வந்தார். மலேசிய வாசகர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மலாக்காவில் பிறந்தவர். 1964 பொதுத்தேர்தலில் மலாயாவில் போட்டியிட்ட மசெக வேட்பாளர்களில் வென்ற ஒரே ஒருவர், பங்சார் தொகுதியில். பின்னர் ஜனநாயக செயல் கட்சி உருவாகக் காரணமானவர்.

1981 மே மாதம் சிங்கப்பூர் அதிபர் பெஞ்சமின் ஷியர்ஸ் காலமானார். அடுத்த அதிபராகத் தேவன் நாயர் தேர்ந்தெடுக்கப்பட்டு அக்டோபரில் பதவியேற்றார். அதிபராக வருபவர் நாடாளுமன்ற இடத்தை விட்டாக வேண்டும். ஆன்சன் காலியானது. ஆக, மலாக்காவில் பிறந்தவர் விட்ட இடத்துக்கு மூவாரில் வளர்ந்தவர் போட்டியிட்டார்.

பிளேர் பிளேன் வீடுகள்

மசெக நிறுத்திய பாங் கிம் ஹின் ஓர் இளம் தொழிலதிபர், முன்னாள் அமைச்சர் லிம் கிம் சானின் உறவினர். தேர்தல் வேலைகளுக்குப் பொறுப்பு வகித்தவர் பின்னாளில் பிரதமரான கோ சோக் தோங். லீ குவான் யூ தம் தலைமுறைக்குப் பிறகு நாட்டை நடத்தப் போகிறவர்களைப் பழக்கிக் கொண்டிருந்த காலம் அது. இந்த இடைத்தேர்தல் அவர்களுக்கு வைத்த பரீட்சை.

தொகுதியில் கொதித்துக் கொண்டிருந்த விவகாரம் வேறு. பிளேர் பிளேன் என்னுமிடத்தில் துறைமுக ஆணையத்தின் அடுக்குமாடி வீடுகளில் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்து வந்தன. கொள்கலன் முனைய விரிவாக்கத்துக்காக அந்தக் கட்டடங்களை இடிப்பதென்று முடிவாகி, குடியிருந்தவர்களை வெளியேறச் சொல்லிவிட்டார்கள். மாற்று வீடு தரப்படவில்லை என்பது அவர்களின் குமுறல். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நாள்கள் அவை. அந்தச் சமயத்தில் பேருந்துக் கட்டணமும் உயர்ந்திருந்தது.

நம் தோட்டப்புறங்களில் தோட்டம் துண்டாடப்பட்டபோதும் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டபோதும் லயத்து வீட்டை விட்டுக் கிளம்பச் சொல்லப்பட்ட குடும்பங்களின் கதையை அறிந்தவர்களுக்கு பிளேர் பிளேன் வாக்காளரின் மனநிலையை விளக்க வேண்டியதில்லை. வேலையோடு வந்த வீடு வேலையிடத்தின் தேவைக்காகப் போனது. வேறுபாடு ஒன்றுதான்: இங்கே அந்தக் குடும்பங்கள் ஒரே தொகுதியில், ஓர் இடைத்தேர்தல் நேரத்தில், கையில் வாக்குச்சீட்டோடு இருந்தன.

ஜெயரத்தினத்துக்குக் கிடைத்த 51.9 விழுக்காட்டு வாக்குகளை இனக் கண்ணாடி போட்டுப் பார்ப்பது சரியாகாது. தமிழர் என்று சொல்லி அவர் வாக்குக் கேட்கவில்லை. சிங்கப்பூரில் சீன வாக்காளர்களே பெரும்பான்மையினர். அவர்களின் ஆதரவில்லாமல் எவரும் அங்கு வெல்ல முடியாது. ஒரு சீன வேட்பாளரையும் இரு இந்திய வேட்பாளர்களையும் முன்னால் வைத்து, பாதிக்கு மேற்பட்டோர் ஓர் இந்தியரைத் தேர்ந்தெடுத்தார்கள். இத்தேர்தலைப் பற்றிப் பேசும்போது இந்த விவரத்தைப் பலர் கடந்து போய்விடுகிறார்கள்.

எழுபத்தைந்தில் ஒருவர்

1980 தேர்தலில் நாடாளுமன்றத்தில் இருந்த இடங்கள் 75. அவற்றில் 74 ஆளுங்கட்சியினுடையவை. எதிர்ப்புறத்தில் ஒருவர்.

அவர் எழுப்பியவை பெரும்பாலும் சட்டம் சார்ந்த விவகாரங்கள். விசாரணையின்றித் தடுத்து வைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், நீதித்துறையின் சுதந்திரம், அரசாங்க அமைப்புகளிடம் குடிமக்கள் கணக்குக் கேட்கும் உரிமை. நீதிபதியாகவும் பதிவாளராகவும் இருந்தவர் என்பதால் இவற்றில் அவருக்குப் பிடிமானம் இருந்தது. பிரதமர் லீயும் கேம்பிரிட்ஜில் படித்த வழக்கறிஞர். இருவருக்கும் நடந்த வாக்குவாதங்கள் பல நேரங்களில் குறுக்கு விசாரணை போலவே இருக்கும். அவை நடவடிக்கைகள் 1985இல் தொலைக்காட்சியில் வரத் தொடங்கியதும் வீட்டிலிருந்தே மக்கள் இதைப் பார்த்தார்கள்.

ஜெயரத்தினத்தின் மீதான விமர்சனத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஆதாரத்தைத் திரட்டாமல் குற்றம் சாட்டுகிறார், விவரங்களில் கோட்டை விடுகிறார், முழக்கம் அதிகம் சரக்குக் குறைவு என்று ஆளுங்கட்சியினர் தொடர்ந்து சொன்னார்கள். நாடாளுமன்ற உரிமைக் குழுவின் முன் அவர் பலமுறை நிறுத்தப்பட்டார், அபராதமும் கட்டினார். லீ தம் நினைவுக் குறிப்புகளில் அவரைப் பற்றி எழுதியிருப்பதில் மரியாதை துளியும் இல்லை. ஆனால், எதிர்க்கட்சியோடு மோதிப் பழகாத இளம் உறுப்பினர்களுக்கு அவையில் ஓர் எதிராளி இருப்பது நல்லது என்ற முடிவுக்கு லீ வந்ததும் இதே காலத்தில்தான்.

அந்த முடிவின் சட்ட வடிவம் 1984இல் வந்த ‘தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர்’ திட்டம். பொதுத்தேர்தலில் எதிர்க்கட்சியினர் போதிய இடங்களில் வெல்லாவிட்டால், தோற்றவர்களில் கூடுதல் வாக்கு பெற்றவர்களுக்கு அவையில் இடம் தரும் ஏற்பாடு. தமிழில் இந்தப் பெயர் கச்சிதமாக அமைந்திருக்கிறது. உறுப்பினர் உண்டு, அவரை அனுப்பிய தொகுதி கிடையாது. ஆன்சனில் ஒருவர் வெல்லாமல் இருந்திருந்தால் இந்தத் திட்டம் அப்போது வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

1984 டிசம்பர் 22ஆம் தேதி பொதுத்தேர்தல். பட்டதாரித் தாய்மார்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை தரும் திட்டமும் மத்திய சேமநிதிப் பணத்தை எடுக்கும் வயதைத் தள்ளிப்போடும் யோசனையும் மக்களைக் கோபப்படுத்தியிருந்தன. மசெகவின் வாக்கு விகிதம் 77.7 விழுக்காட்டிலிருந்து 64.8க்கு இறங்கியது. ஆன்சனில் மசெக இம்முறை இங் போக் டூவை நிறுத்தியது. ஜெயரத்தினம் 56.8 விழுக்காடு பெற்றார். இடைத்தேர்தல் வெற்றி ஏதோ அதிர்ஷ்டத்தில் வந்ததல்ல என்பது இந்த எண்ணிக்கையில் தெரிந்தது. போத்தோங் பாசிரில் சியாம் சீ தோங்கும் வென்றதால் 79 பேர் கொண்ட அவையில் எதிர்க்கட்சியினர் இருவராயினர்.

ஆயிரம் வெள்ளியிலிருந்து ஐயாயிரம் வெள்ளி

இருக்கையைப் பறித்த வழக்கின் வேர் 1972 தேர்தல் வரை போகிறது. ஒரு மசெக உறுப்பினருக்கு எதிராகப் பாட்டாளிக் கட்சி தொடுத்த அவதூறு வழக்கில் தோற்று, செலவுத்தொகை கட்ட வேண்டிய நிலைக்கு வந்தது. கட்சிக்கு வந்த சில நன்கொடைக் காசோலைகளை அந்தக் கடனிலிருந்து தப்பிக்க வேறு வழியில் திருப்பினார்கள், கட்சிக் கணக்கு குறித்துப் பொய்யான உறுதிமொழி அளித்தார்கள் என்று ஜெயரத்தினம் மீதும் கட்சித் தலைவர் வோங் ஹோங் தோய் மீதும் 1983இல் குற்றம் சாட்டப்பட்டது.

இனி நடந்ததை நிதானமாகத் தொடர்வது நல்லது. எண்கள்தான் இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்தன.

1984 தொடக்கத்தில் மூத்த மாவட்ட நீதிபதி மைக்கல் கூ, ஒன்றைத் தவிர மற்றக் குற்றச்சாட்டுகளிலிருந்து இருவரையும் விடுவித்தார். நிரூபணமான ஒன்றுக்கு ஆளுக்கு 1,000 வெள்ளி அபராதம். சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டப்படி அக்காலத்தில் 2,000 வெள்ளி அல்லது அதற்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டால்தான் உறுப்பினர் பதவி பறிபோகும். ஆகவே ஆன்சன் அவரிடமே இருந்தது.

அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. மறுவிசாரணைக்கு உத்தரவானது. அதை உயர் நீதிமன்றத்தில் நடத்த வேண்டும் என்ற ஜெயரத்தினத்தின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. 1985இல் வேறொரு மாவட்ட நீதிபதியின் முன் வழக்கு நடந்து மூன்று மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில், 1986 நவம்பரில், அது ஒரு மாதச் சிறையாகவும் 5,000 வெள்ளி அபராதமாகவும் மாறியது.

சிறைத் தண்டனை குறைந்தது. ஆனால் அபராதம் 2,000 வெள்ளி எனும் கோட்டைத் தாண்டிவிட்டது. ஆன்சன் உறுப்பினர் பதவி போனது. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் தேர்தலில் நிற்கவும் தடை.

இதற்கிடையே இன்னொரு பூசலும் நடந்தது. அவரைப் பெருமளவு விடுவித்த நீதிபதி மைக்கல் கூ பின்னர் சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டிருந்தார். கீழ்நிலை நீதிமன்றங்களில் அரசாங்கத்தின் தலையீடு இருக்கிறதா என்ற கேள்வியை ஜெயரத்தினம் 1986இல் நாடாளுமன்றத்தில் எழுப்பினார். அரசாங்கம் விசாரணை ஆணையம் அமைத்தது. அதை நடத்தியவர் நீதிபதி டி.எஸ். சின்னத்துரை. தலையீடு எதுவும் இல்லை என்பது ஆணையத்தின் முடிவு.

காலியாகவே போன இடம்

மலேசியாவில் ஒரு தொகுதி காலியானால் 60 நாள்களுக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 54ஆவது விதி சொல்கிறது. நாடாளுமன்றத்தின் ஆயுள் முடிய இரண்டாண்டுக்குள் இருந்தால் மட்டும் விலக்கு. சிங்கப்பூர் அரசமைப்பில் அப்படிக் காலக்கெடு எழுதப்படவில்லை. ஜெயரத்தினம் போன பிறகு ஆன்சனில் இடைத்தேர்தல் நடத்தப்படவே இல்லை. 1988 பொதுத்தேர்தலுக்கான எல்லைச் சீரமைப்பில் ஆன்சன் தொகுதியே இல்லாமல் போனது. அந்த இரண்டாண்டு இடைவெளியில் ஆன்சன் மக்களுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை.

இந்தச் சட்ட இடைவெளி கால் நூற்றாண்டு கழித்துத்தான் நீதிமன்றத்தில் அலசப்பட்டது. 2012இல் ஹவ்காங் தொகுதி காலியானபோது, அங்கு வசித்த தமிழ்ப் பெண்மணி ஒருவர், துப்புரவுப் பணியாளர், இடைத்தேர்தலை எப்போது நடத்துவது என்பது பிரதமரின் விருப்பம் மட்டும்தானா என்று வழக்குத் தொடுத்தார். பிரதமருக்குக் கட்டற்ற விருப்புரிமை இல்லை, நியாயமான காலத்துக்குள் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்று 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விளக்கமளித்தது. பதவி பறிபோகும் அபராத வரம்பும் 2022இல் 2,000 வெள்ளியிலிருந்து 10,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அந்த வரம்பு 1986இல் இருந்திருந்தால் ஆன்சன் உறுப்பினர் சிறை சென்று திரும்பியும் உறுப்பினராகவே இருந்திருப்பார்.

லண்டன் தீர்ப்பு

குற்றவியல் தண்டனையை அடிப்படையாக வைத்து 1987இல் ஜெயரத்தினத்தின் பெயர் வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. குற்றவியல் வழக்கை லண்டன் பிரிவி கவுன்சிலுக்குக் கொண்டுசெல்ல வழியில்லாதிருந்தது. பட்டியலிலிருந்து நீக்கிய உத்தரவை எதிர்த்துச் செல்ல வழி இருந்தது. அந்த வழியாகப் போனார்.

1988 அக்டோபரில் பிரிவி கவுன்சில் அவரை மீண்டும் வழக்கறிஞராக்கியது. அதோடு நிற்கவில்லை. அவரும் வோங் ஹோங் தோயும் தாங்கள் செய்யாத குற்றத்துக்காக அபராதமும் சிறையும் அவமானமும் அனுபவித்தார்கள், அவர்களுக்குக் கடும் அநீதி இழைக்கப்பட்டிருக்கிறது என்ற பொருளில் எழுதியது. ஆனால் குற்றவியல் தீர்ப்பை ரத்து செய்ய அந்த வழக்கில் அதற்கு அதிகாரம் இல்லை. மன்னிப்புக் கோரி அதிபருக்கு விண்ணப்பித்தார். அது 1989இல் நிராகரிக்கப்பட்டது. அதே ஆண்டு பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யும் உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1994இல் அந்த உரிமை முற்றிலும் நீங்கியது.

வழக்கறிஞர் தொழில் திரும்பியது, நாற்காலி திரும்பவில்லை. தேர்தலில் நிற்பதற்கான ஐந்தாண்டுத் தடை 1991 நவம்பரில் முடியவிருந்தது. பொதுத்தேர்தல் ஆகஸ்ட் 31ஆம் தேதியே நடந்துவிட்டது.

தமிழ் மொழி வாரமும் ஒரு வழக்கும்

1997 தேர்தலில் செங் சான் குழுத்தொகுதியில் பாட்டாளிக் கட்சி 45.2 விழுக்காடு பெற்றுத் தோற்றது. தோற்றவர்களில் மிக நெருங்கி வந்த அணி என்பதால் ஜெயரத்தினம் தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினரானார். தம் வெற்றியின் விளைவாக உருவான திட்டத்தின் வழியாகவே, 71 வயதில், அவைக்குள் திரும்பினார். இந்தப் பிரசாரத்தில் பேசியதற்காக அப்போதைய பிரதமர் கோ சோக் தோங்கும் வேறு சிலரும் வழக்குத் தொடுத்து இழப்பீடு பெற்றார்கள்.

ஆனால் இந்த இரண்டாவது முறை அவரை வெளியேற்றியது வேறு வழக்கு. தமிழ் படித்த எனக்கு இதைக் கடந்து போவது எளிதாக இல்லை. பாட்டாளிக் கட்சியின் ‘தி ஹேமர்’ ஏட்டில் 1995இல் ஒரு தமிழ்க் கட்டுரை வெளியானது. சிங்கப்பூரில் நடந்த தமிழ் மொழி வாரத்தையும் அதன் ஏற்பாட்டாளர்களையும் அது குறை கூறியது. ஏற்பாட்டுக் குழுவினரும் சில இந்திய நாடாளுமன்ற உறுப்பினர்களும் அவதூறு வழக்குத் தொடுத்தார்கள். ஏட்டுக்குப் பொறுப்பானவர் என்ற முறையில் ஜெயரத்தினம் இழப்பீடு கட்ட வேண்டியவரானார். தவணையில் கட்டி வந்த தொகை குறித்த நாளில் போய்ச் சேராததால் 2001இல் திவாலானவராக அறிவிக்கப்பட்டார். மேல்முறையீடும் தோற்று, அதே ஆண்டு ஜூலையில் உறுப்பினர் பதவி பறிபோனது. திவாலானவர் தேர்தலில் நிற்க முடியாது. 2001, 2006 பொதுத்தேர்தல்கள் இரண்டிலும் அவர் வேடிக்கை பார்ப்பவராகவே இருந்தார்.

ஆங்கிலத்தில் வாதாடி, ஆங்கிலத்தில் அரசியல் நடத்தி, எல்லா இனத்தாரிடமும் வாக்குக் கேட்ட ஒருவரின் அரசியல் வாழ்வு ஒரு தமிழ்க் கட்டுரையால், தமிழர்களுக்குள் நடந்த ஒரு வழக்கால் முடிந்தது. சிங்கப்பூர்த் தமிழ்ச் சமூகத்தில் இதைப் பற்றி இருவேறு கருத்துகள் இன்றும் உண்டு. மொழிக்காகத் தன்னார்வத்தோடு உழைத்தவர்களைக் கொச்சைப்படுத்தினால் அவர்கள் சும்மா இருக்க வேண்டுமா என்பது ஒரு பக்கம். ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு முடித்திருக்கக் கூடாதா என்பது இன்னொரு பக்கம்.

பாட்டாளிக் கட்சித் தலைமை 2001இல் லோ தியா கியாங்கிடம் போனது. ஜெயரத்தினம் ரயில் நிலைய வாசல்களில் நின்று தாம் எழுதிய புத்தகங்களைக் கூவி விற்றார். அவற்றில் ஒன்று அவரது நாடாளுமன்ற உரைகளின் தொகுப்பு. எண்பதை நெருங்கிய வயதில் கோட்டும் டையுமாகப் புத்தகக் கட்டோடு நின்ற அந்தக் காட்சியைத்தான் இன்று நாற்பது வயதைக் கடந்த சிங்கப்பூரர்கள் பலர் முதலில் நினைவுகூர்கிறார்கள். ஆன்சன் அவர்களுக்குத் தெரியாது.

2007இல் கடனைக் கட்டி மீண்டார். 2008இல் சீர்திருத்தக் கட்சியைப் பதிவு செய்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். வயது 82. மூத்த மகன் கென்னத் பின்னர் அக்கட்சியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இளைய மகன் ஃபிலிப் எழுத்தாளர், வழக்கறிஞர். 2021இல் சிங்கப்பூர் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியானார். யாழ்ப்பாணத் தமிழ் ஆசிரியர் ஒருவரை மையமாக வைத்து அவர் எழுதிய ‘ஏப்ரகாம்ஸ் பிராமிஸ்’ எனும் ஆங்கில நாவல், இந்தச் சமூகத்தின் மனத்தை அறிய விரும்புவோர் படிக்க வேண்டியது.

1981 முதல் 1986 வரை ஜெயரத்தினம் அவையில் பேசியவை சிங்கப்பூர் நாடாளுமன்றத்தின் அதிகாரபூர்வப் பதிவேட்டில் முழுமையாக உள்ளன. நாடாளுமன்ற இணையத்தளத்தில் யாரும் கட்டணமின்றித் தேடிப் படிக்கலாம். உறுப்பினர் பெயரையும் ஆண்டையும் கொடுத்தால் போதும். ஒரு கேள்விக்குப் பிரதமர், அமைச்சர், இன்னோர் அமைச்சர் என்று வரிசையாக எழுந்து பதில் சொல்லும் பக்கங்கள் அதில் நிறைய வரும்.